வடு மறையாத படம்

எனக்கு வந்த மாப்பிள்ளை பட்டணத்தில் போட்டோ பிடிக்கிறவர் என்று தரகர் சொன்னபோது, அது ஒரு உத்தியோகமா என்று என் அப்பா கேட்டாராம். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே போட்டோ என்றால் பெரிய வீடுகளின் கூடத்தில் மாலையோடு தொங்குவது. அதைப் பிடிப்பதற்கென்று ஒருவர் இருப்பார், அவருக்கும் பெண் கொடுப்பார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. சினிமாக் கம்பெனியில் வேலை என்பதைத் தரகர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. தாலி ஏறிய பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி பெருமையாக அதை உடைத்துவிட்டாள். அன்றைக்கு அப்பா பந்தியில் உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது நாற்பதாம் வருஷம். கல்யாணம் முடிந்ததும் அவர் பட்டணம் போய்விட்டார். நான் அரியலூரில், ரயிலடிக்குப் போகிற தெருவில், மாமியார் வீட்டில் இருந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். பேச்சு குறைவு. அவர் செய்கிற வேலையை அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை, மளிகைக்கடைக் காலண்டரில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நடிகை கன்னத்தில் விரல் வைத்துச் சிரிக்கிற படம். அடியில் பொடி எழுத்தில் என் வீட்டுக்காரர் பெயர். டென்ட் கொட்டகையில் விற்கிற பாட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் அதே நடிகை, அதே பொடி எழுத்து. பேர் பெற்ற நடிகர்கள் அவருடைய கேமராவுக்கு முன்னால் உட்காரக் காத்திருந்தார்கள் என்று பிற்காலத்தில் பலர் சொல்லிக் கேட்டேன். ஒரு கதாநாயகர், வேறு யாராவது கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

அவரிடம் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால், டச்சிங் என்பார்கள். கண்ணாடி நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்தில் உள்ள குழிகளையும் சுருக்கங்களையும் தொட்டுத் தொட்டு நிரப்பிவிடுவார். பிரிண்ட் போட்டால் முகம் வெண்ணெய் வழித்த மாதிரி இருக்கும். பென்சில் பட்ட இடம் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம், ஸ்டூடியோக்களும் பூட்டப்பட்டன. அவர் டிரங்குப் பெட்டிகளோடு அரியலூர் வந்து இறங்கினார். துணிமணி ஒரு பெட்டிதான். மற்றதெல்லாம் கண்ணாடி பிளேட்டுகளும் மருந்துப் புட்டிகளும் படங்களும்.

அவர் வெளியே போயிருந்த ஒரு நாள் நான் படப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உறை உறையாக முகங்கள். அதில் காலண்டர் நடிகைக்கு மட்டும் தனிக் கட்டு. சேலை மாற்றி, நகை மாற்றி, தலையைச் சாய்த்து, நிமிர்த்தி, எத்தனையோ படங்கள். அந்த நடிகையையும் இவரையும் சேர்த்து ஊரில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. கிணற்றடியில் பெண்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். பெட்டியை மூடி வைத்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாதம் போடும்போது கூட முகம் பார்த்துப் போடவில்லை.

அவர் சும்மா இருக்கிற ஆளில்லை. கொல்லையில் இருந்த மாட்டுக் கொட்டகையின் வடபக்கக் கூரையைப் பிரித்து வெள்ளைத் துணி கட்டி ஸ்டூடியோ ஆக்கினார். மாடு தெருக்கோடி வீட்டுக்குப் போயிற்று. மாமியார் அதற்காக ரொம்ப நாள் முணுமுணுத்தார். படம் கழுவுவதற்குத் தண்ணீர்தான் பெரும்பாடு. எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கழுவிய பிளேட் காய்ந்ததும் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும். நான் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வேட்டித் துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். புள்ளி விழுவது நின்றது. அவர் பிளேட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் இருட்டறைக்குள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். சிவப்புக் காகிதம் சுற்றிய லாந்தர் வெளிச்சத்தில், மருந்துத் தட்டை நான் ஆட்ட ஆட்ட, வெறும் காகிதத்தில் முகம் ஊறி மேலே வரும். அந்த அறையில்தான் நாங்கள் பேசப் பழகினோம் என்று சொல்லலாம். ஆனால் அந்த நடிகையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சினிமாக்காரர்களைப் பிடித்த கை என்று சனங்கள் தேடி வந்தார்கள். பட்டாளத்துக்குப் போகிறவர்கள், லப்பைக்குடிக்காட்டு வியாபாரிகள், ஆண்டிமடத்து மிராசுதார்கள். யுத்த காலத்தில் பிளேட் கிடைக்காது. அதனால் ஆளுக்கு ஒரு படம், கண்ணைச் சிமிட்டினால் சிமிட்டியதுதான். பெரம்பலூரிலிருந்து ஒரு குடும்பம், பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸில் வந்து, கல்யாணத்துக்குக் காட்டுவதற்காகப் பெண்ணைப் படம் எடுத்துப் போனது. மூக்கின் மேல் இருந்த மருவை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் காபி கொண்டுவந்த பெண்ணை நன்றாகப் பார்த்துவிட்டு, படத்தில் இருந்த பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார்களாம். அந்தப் பெண்ணின் தகப்பனார் அடுத்த பஸ்ஸில் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். என் வீட்டுக்காரர் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, மருவோடு ஒரு பிரிண்ட் போட்டுத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு மாசி மாதப் பகலில் அந்த நடிகை எங்கள் வீட்டுக்கு வந்தார். திருச்சியில் நாடகமாம். போகிற வழியில் அரியலூரில் இறங்கி, முக்காடு போட்டுக்கொண்டு, துணைக்கு ஒரு வயதான பெண்ணோடு நடந்தே வந்துவிட்டார். நான் கதவைத் திறந்தேன். முக்காட்டை விலக்கினார். முதலில் அடையாளம் தெரியவில்லை. ஆள் குள்ளம். இரண்டு கன்னத்திலும் நெற்றி ஓரத்திலும் அம்மை வடு. காலண்டரில் நான் பார்த்த முகத்தில் ஒரு புள்ளி கிடையாது.

என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் "அண்ணே" என்றார். என்னைப் பார்த்து, "நீங்கதான் அண்ணியா? அண்ணன் உங்களப் பத்திச் சொல்லிருக்காரு" என்றார். என்னைப் பற்றி இவர் யாரிடமாவது சொல்லியிருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். 

சாப்பிடச் சொன்னோம். வத்தக்குழம்பும் கீரையும்தான். தரையில் உட்கார்ந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் கொள்ளிடக்கரையில் திருமழபாடி. அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட, அம்மாவும் இவரும் மாமன் வீட்டில் இருந்தார்கள். நந்தி கல்யாணத் திருவிழாவுக்கு வந்த நாடகக் கம்பெனியோடு இவர் கிளம்பிப் போய்விட்டார். தாய்மாமன் அன்றைக்கே தலை முழுகிவிட்டார். ஒரு முறை பார்க்கப் போனபோது வாசலிலேயே தடுத்து, இவள் படி ஏறினால் தன் தங்கையும் கூடவே இறங்கிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு போகவில்லை. அம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது இவருக்குத் தெரியும்.

"எம் மொவத்த ஊரெல்லாம் ஒட்டி வச்சிருக்காங்க அண்ணே. எங்கம்மா மொவம் எனக்கு மறந்துகிட்டே வருது. ஒரு படம் எடுத்துக் குடுங்க."

அழவில்லை. மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னார். சாயங்கால வண்டிக்கு நடிகை போன பிறகு, திருமழபாடிக்கு நானும் வருகிறேன் என்று இவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். ஒரு ஆம்பிள்ளை மட்டும் போய் நின்றால் அந்த வீட்டில் ஒரு பொம்பிள்ளை வெளியே வருவாளா என்றேன். அது நிஜம்தான். ஆனால் எனக்கு அந்தத் தாயைப் பார்க்கவேண்டும் போலவும் இருந்தது.

திருமானூர் வரை கரி பஸ். ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கி நடப்போம், பஸ் பின்னால் வரும். அங்கிருந்து மாட்டு வண்டி. கேமராப் பெட்டியை வைக்கோல் மேல் வைத்து, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி அவர் பிடித்துக்கொண்டு வந்தார். பிளேட்டுகளை நான் மடியில் வைத்திருந்தேன். ஒரு பக்கம் கரை, கரைக்கு அப்பால் மணலும் கொஞ்சம் தண்ணீரும், இந்தப் பக்கம் கரும்பு.

அந்த வீட்டு வாசலில் ஒரு அம்மாள் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. அவர்தான் என்று கேட்காமலே தெரிந்தது. நெற்றி அப்படியே மகளின் நெற்றி. மாமன் வயலில் இருந்தார். என் வீட்டுக்காரருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. உங்கள் மகள் அனுப்பினார், உங்களைப் படம் எடுத்துவரச் சொன்னார் என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் உளுந்தைத் துழாவிக்கொண்டே இருந்தார். எனக்கு மகள் இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். கையைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் வெயிலில் நின்றோம். வண்டிக்காரர் மாட்டைப் பூட்டட்டுமா என்று கேட்டார்.

கொஞ்சம் பொறுத்து அவர் வெளியே வந்தார். முகம் கழுவி, தலையைப் படிய வாரி, மடிப்புக் கலையாத காவி நிறச் சேலை ஒன்று கட்டியிருந்தார். திருநீறு பூசியிருந்தார். எங்கே உட்காரணும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஒரு மணையை எடுத்து வேப்பமர நிழலில் போட்டேன். என் வீட்டுக்காரர் முக்காலியை விரித்துக் கேமராவை ஏற்றினார். கறுப்புத் துணிக்குள் அவர் தலையை விட்ட நேரத்தில் மாமன் தோளில் மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

பெரிய ஆள். எங்களையும் பார்த்தார், தங்கை கட்டியிருந்த சேலையையும் பார்த்தார். யார் இவர்கள், யார் வரச்சொன்னது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் மணையிலிருந்து எழாமலே சொன்னார்.

"நாந்தான் வரச் சொன்னேன். எம் மவளுக்கு எம் மூஞ்சி வேணுமாம். குடுத்துட்டுப் போறேன்."

அண்ணன் எதிரில் அந்த அம்மாள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மாமன் மண்வெட்டியை இறக்கிச் சுவரில் சாய்த்தார்.  அவர் எங்களைத் தாண்டிப் போய், வேப்பமரத்துக்குப் பின்னால் கட்டியிருந்த எருமையை அவிழ்த்தார்.

"இது நின்னா படத்துல வுழுவும். அந்தாண்ட கட்டுறேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, எருமையை ஓட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். படம் எடுத்து முடிகிறவரை திரும்பி வரவில்லை.

படம் எடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டும்போது, மகளுடைய படம் ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, பார்க்கிறீர்களா என்று கேட்டார். எனக்கே அது தெரியாது. அந்த அம்மாள், பார்த்திருக்கிறேன் தம்பி, திருமானூர்க் கடையில் காலண்டரைக் காட்டி உன் மகள் என்றார்கள், அது வேறு யாரோ, என் மகள் இல்லை என்றார்.

"அவளுக்கு அம்ம போட்டப்ப வேப்பிலைய வச்சிகிட்டு நாந்தானே ஒக்காந்திருந்தேன். மூஞ்சியெல்லாம் குழி. அந்தக் காலண்டருல ஒரு குழி இல்ல. எம் மவ செத்துட்டா, வேற யாரயோ காட்டி ஏமாத்துறாங்கன்னு நெனச்சேன்."

கட்டிக்கொண்டிருந்த பெட்டியை என் வீட்டுக்காரர் கீழே வைத்தார். காலண்டரில் அந்த முகத்தைத் துடைத்தெடுத்த பென்சில் அவருடையது. பட்டணத்தில் அத்தனை பேர் மெச்சிய வேலை அது. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். ஸ்டூடியோவில் இடைவேளையில், வேஷம் பாதி கலைத்த முகத்தோடு, நாற்காலியில் சாய்ந்து அந்த நடிகை கண்ணயர்ந்திருந்த படம். யாருக்கும் விற்க முடியாது என்பதால் டச்சிங் செய்யாமல் கட்டின் அடியில் போட்டு வைத்திருந்தாராம்.

அந்த அம்மாள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். கன்னத்தில் இருந்த வடுக்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். நெற்றி ஓரத்தில் இருந்ததைத் தொட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

"இளச்சிட்டா" என்றார்.

படத்தைத் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வண்டியில் திரும்பினோம். கரை முடிந்து சாலை ஏறும்போது அவர், நான் செய்வது நல்ல வேலை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன் என்றார். நல்ல வேலைதான், அதில் சந்தேகம் இல்லை என்றேன். அப்புறம் நான் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்ததையும், இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்ததையும் சொன்னேன். தெரியும் என்றார். பிரித்த படக் கட்டைத் திரும்பச் சரியாகக் கட்டத் தெரியவில்லை உனக்கு என்றார். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்துவிட்டேன்.

தாயின் பிளேட்டை நாங்கள் இருவரும் சேர்ந்தே கழுவினோம். அதில் பென்சில் வைக்கவில்லை. பிரிண்டைத் திருச்சிக்கு என் வீட்டுக்காரரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நடிகை என்ன சொன்னார் என்று கேட்டேன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், நாடகத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை என்றார்.

அடுத்த பங்குனியில் மாமனே வண்டி கட்டித் தங்கையை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் வீட்டில் அந்தப் பெண்ணை ஏற்ற அவருக்கு அப்போதும் மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தகவல் போய், நடிகை ரயிலில் வந்தார். மாமன் தெருவிலேயே வண்டிப் பக்கம் நின்றுகொண்டார். தாயும் மகளும் எங்கள் மாட்டுக் கொட்டகை ஸ்டூடியோவில், படம் எடுக்கிற பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.  அந்த அம்மாள் என்னிடம் எண்ணெயும் சீப்பும் கேட்டு வாங்கி, மகளைத் தரையில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டார். சிக்கு விழுந்திருக்கிறது என்று கடிந்துகொண்டார். வடக்கு வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, ஒரு படம் எடுக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். நடிகை தலையைத் திருப்பாமல், "இன்னிக்கி வேணாம் அண்ணே" என்றார். அவர் கேமரா மேல் துணியைப் போர்த்திவிட்டு வெளியே வந்து மாமனோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பற்றி.

யுத்தம் முடிந்து ஸ்டூடியோக்கள் திறந்ததும் பட்டணத்திலிருந்து ஆள் வந்தது. இந்த முறை நானும் கூடப் போனேன். கோடம்பாக்கத்தில் சின்னதாக ஒரு வாடகை வீடு. முதலாளிகளுக்கு வெண்ணெய் முகம்தான் வேண்டும். அதைச் செய்துகொடுத்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் எந்த நட்சத்திரத்தைப் படம் பிடித்தாலும், வேலை முடிந்த பிறகு, விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு படம் கேட்பார். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் என்பார். சிலர் மறுத்தார்கள். உட்கார்ந்தவர்கள் பலர். பல் எடுப்பாக இருந்தவர், ஒரு கண் சற்றுச் சிறியவர், தலை வழுக்கை விழுந்த கதாநாயகர். அந்த பிளேட்டுகளில் பென்சில் பட்டதில்லை. பிரிண்ட் ஒன்று அவர்களுக்குப் போகும். பலர் அதைத் தங்கள் வீட்டாருக்குக் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த நடிகை நாற்பத்தொன்பதில் நாடகத்தையும் சினிமாவையும் விட்டுவிட்டார். தாயைத் தன்னோடு பட்டணத்துக்கு அழைத்துக்கொண்டார். மாமன் வருஷத்துக்கு ஒரு தடவை கரும்பும் உளுந்தும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவாராம். கடைசியில் ஒரு வருஷம் மழை பிடித்துக்கொண்டதில் உள்ளே வந்தார் என்று நடிகை சொன்னார்.

என் வீட்டுக்காரர் போய் ரொம்ப காலமாயிற்று. அவருக்கு வயதான பிறகு நாங்கள் அரியலூருக்கே திரும்பிவிட்டோம். பழைய சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். காலண்டர் படங்கள் அவர்களுக்கு எங்கேயும் கிடைக்கும். ஜன்னல் வெளிச்சத்துப் படங்களைக் கண்டதும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். இவர்கள் எல்லாரும் மனுஷங்கதானா என்று ஒரு பையன் கேட்டான். அந்தப் பெட்டிகளை இப்போது அவர்களிடம் கொடுத்துவிட்டேன். கண்காட்சி வைத்தார்கள், நானும் போய் வந்தேன். குளிர்சாதன அறையில் வெகுநேரம் உட்கார முடியவில்லை.

போன மாதம் உடையார்பாளையத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். தூரத்து உறவு. கூடத்தில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. பட்டாளத்து உடுப்பில் ஒரு இளவட்டம், கண்ணை லேசாகச் சிமிட்டியபடி. எங்கள் கொட்டகையின் வெள்ளைத் துணி பின்னால் தெரிந்தது. அந்த வீட்டுப் பெண், இது எங்கள் தாத்தாவின் தம்பி, யுத்தத்துக்குப் போனவர் வரவேயில்லை, இந்த ஒரு படம்தான் இருக்கிறது, யார் எடுத்ததோ என்றாள். எங்க வூட்டுக்காரர்தான் எடுத்தார் என்றேன். அவள் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். படத்தில் இருந்தவர் அன்றைக்கு எப்படி இருந்தார், என்ன பேசினார் என்று கேட்டார்கள். எனக்கு அந்தப் பையனின் முகம் நினைவில் இல்லை. அன்றைக்குப் பிளேட் கழுவ நான்தான் தண்ணீர் வடிகட்டிக் கொடுத்திருப்பேன் என்று மட்டும் சொன்னேன்.